எதிர் மூலை

காலையில் எழுந்ததும் பால் காய்ச்சுவேன். டீ போடுவேன். டம்ளரை எடுத்துக்கொண்டு மாடிப்படியின் மேல்தட்டில் நின்று குடிப்பேன். கீழே லாண்டிரியின் பின்கட்டு தெரியும். கொடிக்கயிறுகள், சிமெண்ட் தொட்டி, துவைக்கிற கல், சுவரோரம் பாய்லர். அந்த நேரத்தில் இரண்டு பெண்கள் முந்தின நாள் காய்ந்த லாட்ஜ் பெட்ஷீட்டுகளை மடித்துக்கொண்டிருப்பார்கள். டீ முடியும்வரை பார்ப்பேன். பிறகு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்புவேன்.

பெட்ஷீட் மடிப்பது இரண்டு பேர் வேலை. ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, விறைப்பாக இழுத்து, ஓர் உதறு உதறுவார்கள். நீளவாக்கில் மடிப்பார்கள். அப்புறம் ஒருத்தி நடந்து வந்து தன் முனையை எதிரில் நிற்பவள் கையில் கொடுப்பாள். கொடுத்துவிட்டுக் குனிந்து, கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். மறுபடி வருவாள். கை மாறும்போது விரல்கள் படும். அதற்காக யாரும் பேச்சை நிறுத்துவதில்லை.

மூத்தவளைத் தெருவே அக்கா என்றது. லாண்டிரி அவளுடையது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியை வளர்த்துப் படிக்கவைத்து, ரொட்டித் தொழிற்சாலை வேலைக்கு வெளிநாடு அனுப்பியவள். இளையவள் அந்தத் தம்பியின் மனைவி. கடைக்குத் துணி போடுகிறவர்கள் அவளைச் சின்னவள் என்பார்கள். என்னை இருவரும் மாடி என்றார்கள். அக்காவுக்கு நான் மாடித்தம்பி, சின்னவளுக்கு மாடியண்ணன்.

இந்த வீட்டுக்கு நான் மனைவியோடு குடி வந்தேன். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் அவள் இறந்துபோனாள். அதற்குப் பிறகு என் பெட்ஷீட்டை நானே துவைத்து, ஒரு முனையை மோவாயில் இடுக்கிக்கொண்டு மடித்துவந்தேன். ஒருநாள் அக்கா படியேறி வந்தபோது அதைப் பார்த்துவிட்டாள்.

“என்ன தம்பி, மோவாயில வச்சு மடிக்கிற?”

“தனி ஆள்தானே அக்கா.”

“கீழ கொண்டாந்து போட வேண்டியதுதானே? கண்ணு தெரியாத லாட்ஜ்காரன்கூட அந்த மடிப்பை வாங்க மாட்டான். கன்னுக்குட்டி மென்னு போட்ட மாதிரி இருக்கு.”

கீழே இருந்து சின்னவள், “அவரை விடுங்க அண்ணி, பாவம்” என்றாள். அன்றிலிருந்து துவைப்பது அவர்கள். மடிப்பது மட்டும் நான்தான் என்று பிடிவாதமாக இருந்தேன்.

தம்பிக்காரன் போய் மூன்று வருஷம் ஆனது. இனி மனைவியை அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம் என்று அவனுக்குச் சொன்னார்களாம். குடும்பத்தோடு சேர்ந்து வாழ்வதற்கான குடியிருப்பு அனுமதி. கிடைத்தால் அவள் போவாள். கிடைக்காவிட்டால் அவன் இன்னும் எத்தனை வருஷம் அங்கே தனியாகக் கிடப்பான், இவள் எத்தனை வருஷம் இங்கே கொடிக்கயிறு கட்டுவாள் என்று யாருக்கும் தெரியாது. சின்னவள் தாள்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் படித்தவன், அந்த நாட்டு மொழியும் கொஞ்சம் தெரியும்.

இஸ்திரி மேஜையின் ஓர் ஓரத்தைத் துடைத்து எனக்கு இடம் கொடுத்தார்கள். மறு ஓரத்தில் அக்கா தலையணை உறைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் மங்கி, மழை வரும்போல் இருந்தது.

“அவர் தங்கியிருக்கிற வீட்டு ஓனர் ஆணா, பெண்ணா?” என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டேன்.

“ஆம்பளைதாண்ணே. பஸ் ஓட்டுறாங்க.”

பேனா தாளில் பட்டது. அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“ஆம்பளைன்னு அவன் உன்கிட்ட சொன்னானா?”

“சொல்லணுமா அண்ணி? அவங்க பஸ் ஓட்டுறாங்க, அவங்க நல்லவங்க, அவங்க ஊறுகாய் கேட்டாங்கன்னுதான் எப்பவும் சொல்வாரு.”

“அவங்கன்னா?”

“அவங்கன்னா அவங்கதான்.”

“பால்காரரையும் அவங்கன்னுதான் சொல்றோம். பால்காரர் பொண்டாட்டியையும் அவங்கன்னுதான் சொல்றோம். ஏதோ என் மனசுல பட்டுச்சு, கேட்டேன். நீ எழுதுப்பா.”

நான் எழுதவில்லை. சின்னவள் எழுந்து தொட்டிப் பக்கம் போனாள். திரும்பி வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

“மூணு வருஷமா அவங்க அவங்கங்கிறாரு. ஒரு தடவைகூட அந்த அண்ணன், அந்த ஆளுன்னு வந்ததில்ல.”

“ஃபோனைப் போட்டுக் கேட்டுட்டுப் போயேன். இதுக்குப் போய் மூஞ்சியை ஏன் அப்படி வச்சிருக்க?” என்றாள் அக்கா. குரலில் ஒரு சுறுசுறுப்பு இருந்தது.

சின்னவள் ஃபோனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். அவளுக்குக் கைகள் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு தலையணை உறையை எடுத்துப் பிரித்தாள்.

“ஏங்க, உங்க ஹவுஸ் ஓனர் ஆம்பளையா, பொம்பளையா?”

“பொம்பளதான். ஏன்?”

“ஏன் சொல்லல?”

“நீ கேக்கலையே.”

“பஸ் ஓட்டுறாங்கன்னீங்க?”

“ஓட்டுறாங்கதான். பொம்பள பஸ் ஓட்டக் கூடாதா?”

“வயசென்ன?”

“நான் என்ன ரேஷன் கார்டா வாங்கிப் பார்த்தேன்? இருக்கும், நாப்பது நாப்பத்தஞ்சு. எதுக்கும்மா இதெல்லாம்?”

“வீட்ல வேற யாரு?”

“அவங்களும் நானும்தான். கீழ அவங்க, மேல நான்.”

அக்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஒரே உறையைத்தான் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“துணியெல்லாம் யாரு துவைக்கிறா?” என்று சின்னவள் கேட்டாள்.

“மெஷின் இருக்கு.”

“மடிக்கிறது?”

“என் சட்டையை நான் மடிச்சுக்குவேன்.”

“பெட்ஷீட்டு?”

அவன் சூது இல்லாத மனிதன். “அது பெரிய பெட்ஷீட்டும்மா, தனியா எப்படி மடிக்கிறது? அவங்களும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு மடிச்சு வச்சிருவோம்” என்றான்.

சின்னவள் ஃபோனை அணைத்தாள். பிறகு தலையணை உறையைக் கீழே வைத்தாள். அது மடிக்கப்படாமலே கிடந்தது.

அவர்களுடைய கல்யாணமே பெட்ஷீட்டில் தொடங்கியது என்பதை என் மனைவி எனக்குச் சொல்லியிருக்கிறாள். சின்னவள் அப்போது இங்கே வேலைக்கு வந்த பெண். அவன் அக்காவோடு மடித்துக்கொண்டிருந்தவன். ஒருநாள் அக்காவுக்குத் தலைவலி. அக்காவின் மூலையை இவள் பிடித்தாள். அவன் முனையைக் கொடுக்க நடந்து வந்தவன், கொடுத்த பிறகு குனிய மறந்து நின்றுவிட்டானாம். தலைவலி போய் எழுந்து வந்த அக்காவுக்கு அந்த மூலை திரும்பக் கிடைக்கவில்லை. அவன் வெளிநாடு போன பிறகுதான் கிடைத்தது. இப்போது எதிரில் இவள்.

“வேற என்ன வேணாலும் செஞ்சிருக்கலாம். சோறு பொங்கிப் போட்டிருக்கலாம், காய்ச்சல்ல பார்த்துக்கிட்டிருக்கலாம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றாள் சின்னவள், யாரையும் பார்க்காமல்.

“நடந்து போயிருப்பான்ல, முனையைக் குடுக்க?” என்றாள் அக்கா.

“அண்ணி!”

“நான் பொதுவாச் சொன்னேன்.”

அன்று முழுக்க ஃபோன் அடித்தது. அவள் எடுத்தாள், திட்டினாள், வைத்தாள். மறுபடி அடித்தது. படியில் நின்று கேட்டேன். வழக்கமாக மற்றவர்கள் சண்டை எனக்கு ஒன்றும் செய்யாது. அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போக முடியவில்லை. இப்படிக் கத்துவதற்கு மறுமுனையில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

இதற்கிடையில் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்திருந்தோம். நேர்காணல் அந்த வாரமே வந்துவிட்டது. தூதரகத்தில் நீளமான கூடம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட அதிகாரி அம்மாள். அவள் பக்கத்தில் மொழிபெயர்க்க ஓர் இளைஞன். தமிழைப் புத்தகத்தில் மட்டும் படித்தவன்போல் இருந்தான். கேள்விகள் ஒலிபெருக்கியில் வந்ததால் நானும் அக்காவும் பின் பெஞ்சிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டோம்.

“ஓனர் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறார்” என்று சொல்லச் சொல்லிக்கொடுத்திருந்தேன். வரும் வழியில் அதை ஒப்பித்தும் காட்டினாள்.

“அம்மையீர், தங்கள் கணவர் அங்கே எவருடன் வசித்துவருகிறார்?” என்றான் இளைஞன்.

சின்னவள் கண்ணாடித் தடுப்பைப் பார்த்தாள்.

“அவங்ககூடத்தான் இருக்காரு.”

“எவர்களுடன்?”

“அந்தப் பொம்பளகூட.”

அவன் மொழிபெயர்த்தான். அந்த மொழியில் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. ஒரே வீட்டில் கீழும் மேலுமாக இருப்பதற்கு வேறு சொல். அதிகாரியின் விரல்கள் விசைகளின் மேல் நின்றன.

“எப்போதிலிருந்து?”

“போனதுலேருந்தே.”

நான் எழுந்துவிட்டேன். காவலாளி கையைத் தாழ்த்தி உட்காரச் சொன்னான். உட்கார்ந்தேன்.

“என்னவாம்?” என்றாள் அக்கா.

“உங்க தம்பி இன்னொருத்தியோட குடும்பம் நடத்துறார்னு இவங்களே சொல்லிட்டாங்க.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிர்ச்சியா, சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

விண்ணப்பத்தை நிறுத்திவைத்தார்கள். திருமண உறவில் ஐயம் இருக்கிறது, இன்னொரு முறை அழைத்து விசாரிப்போம், திருப்தி இல்லையென்றால் மறுப்போம், மறுத்தால் சில வருஷங்களுக்கு மறுபடி கேட்க முடியாது. நான் விளக்கிச் சொன்னேன். சின்னவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

“கூட இருக்காருன்னா கூடத்தானேண்ணே? ஒரே வீட்ல இருந்தா கூட இல்லாம?”

“அவங்க பாஷையில அப்படி இல்லை.”

“நல்ல பாஷை” என்றாள் அக்கா.

மழை பிடித்துக்கொண்டது. பெட்ஷீட்டுகள் காயவில்லை. கடைக்குள்ளே கயிறு கட்டி, பாய்லர் பக்கம் காயவைத்தார்கள். எங்கே திரும்பினாலும் ஈரத்துணி முகத்தில் பட்டது. சின்னவள் சரியாகச் சாப்பிடவில்லை. அக்காதான் நன்றாகச் சாப்பிட்டாள். எனக்கும் ஒரு தட்டில் சோறும் பருப்பும் அவித்த முட்டையும் அனுப்பினாள். வாடிக்கையாளர்களிடம் வாய் நிறையப் பேசினாள். “சின்னவ போறது தள்ளிப்போச்சுங்க” என்று கேட்காதவர்களிடமும் சொன்னாள். தம்பி ஒருநாள் ஃபோனில் அவளைக் கூப்பிட்டு, “அவளுக்குப் புத்தி இருக்காக்கா? பொறாமையில எல்லாத்தையும் கெடுத்துட்டா” என்றபோது மட்டும் சீறினாள்.

“அவளைச் சொன்னே, வாயில போட்டுருவேன். பெட்ஷீட்டைச் சுருட்டி மூலையில எறிஞ்சிருந்தா உனக்கென்ன குறைஞ்சிருக்கும்?”

மறுநாள் காலை நான் டீயோடு நின்றபோது, மழைக்கு ஒதுங்கிப் பின்கட்டுத் தகரத்துக்குக் கீழே இருவரும் மடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் முனையைக் கொடுக்க நடந்து வந்தாள். கொடுக்கவில்லை.

“நீங்கதானே கிளப்பிவிட்டீங்க.”

“எதை?”

“அவங்கன்னா ஆம்பளையா பொம்பளையான்னு. எனக்குத் தோணவே இல்ல. நான் நிம்மதியா இருந்தேன்.”

“தெரிய வேண்டியது தெரிஞ்சுச்சு.”

“உங்களுக்கு என்னைப் பொறுக்கல அண்ணி. உங்க தம்பியை முதல்லயே உங்ககிட்டேருந்து பிரிச்சுட்டேன். இப்ப ஒரேயடியாக் கொண்டுபோயிருவேன்னு வயித்தெரிச்சல்.”

“வயித்தெரிச்சல்தான்” என்றாள் அக்கா. “இல்லேங்கல.”

சின்னவள் இதை எதிர்பார்க்கவில்லை.

“ஆனா அவனுக்காகன்னு எவடி சொன்னா? அவன் போய் மூணு வருஷம் ஆச்சு. நான் என்ன, சோறு தண்ணி இல்லாமலா கெடந்தேன்? அவன் அங்க உக்காந்துக்கிட்டு, இவளை அனுப்பு அக்கான்னு ஒரு வார்த்தைல சொல்றான். கடையில போட்ட துணியைத் திருப்பிக் கேக்கற மாதிரி. நாலு லாட்ஜோட பெட்ஷீட்டு இருக்கு. எனக்கு எதிர்ல யாரு நிப்பா? கேட்டானா? நீயாவது கேட்டியா?”

சின்னவள் கையில் முனை அப்படியே இருந்தது.

“என்னைப் பார்த்தா உங்களுக்கு ஆகாதுன்னு நெனச்சேன்.”

“ஆகலைதான். வந்த புதுசுல. அதுக்கு இவ்வளவு நாள் கழிச்சுமா?” அக்கா இரண்டு கைகளையும் நீட்டினாள். “குடு இப்படி. ஈரம் கோத்துக்குது.”

அவள் கொடுத்தாள். விரல்கள் பட்டன. குனியாமல் நின்றாள். நான் உள்ளே போய்விட்டேன். டீ ஆறிப்போயிருந்தது.

அதன் பிறகு அக்காவே பயிற்சி கொடுக்க ஆரம்பித்தாள். பெட்ஷீட்டை உதறும் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி.

“உம் புருஷன் எங்க இருக்கான்?”

“வாடகைக்கு ரூம் எடுத்து இருக்காரு.”

“யாருகூட?”

“யாருகூடவும்... ஐயோ.”

“கூடங்கிற வார்த்தையே வாயில வரக் கூடாது. திரும்பச் சொல்லு. யாரு வீட்ல?”

“ஒரு ஓனர் வீட்ல.”

“ஓனர் எப்படி?”

“கட்டையா, குண்டா, பல்லு எடுப்பா.”

“நீ பார்த்தியா?”

“அப்படித்தான் இருக்கணும்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். துணிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று சிரித்தார்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை போகும்வரை அந்தச் சிரிப்பு கேட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை.

இரண்டாவது நேர்காணலுக்கும் மூவரும் போனோம். அதே கூடம், அதே அதிகாரி, அதே இளைஞன். சின்னவள் வாடகை அறை என்றாள், மாடி என்றாள். கூட என்ற சொல் வரவில்லை. பின் பெஞ்சில் அக்கா ஒவ்வொரு பதிலுக்கும் உதடசைத்தாள். அதிகாரி பழைய பதிலைத் திரையில் எடுத்தாள்.

“சென்ற முறை தாங்கள் வேறுவிதமாகப் பகர்ந்தீர்கள். அதற்குக் காரணம் என்ன?” என்றான் இளைஞன்.

இதற்கு நாங்கள் பயிற்சி கொடுக்கவில்லை. சின்னவள் திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா எனக்கென்ன தெரியும் என்பதுபோல் கையை விரித்தாள்.

“வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேங்க.”

இளைஞன் குறித்துக்கொண்டான். பிறகு நிமிர்ந்தான்.

“தங்களுக்கு வயிற்றில் நோய் உள்ளதா?”

“நோய் இல்லங்க. வயித்தெரிச்சல்.”

“மருத்துவரிடம் காண்பித்தீர்களா?”

“ஐயோ, இது மாத்திரைக்கு நிக்காதுங்க. அவரு பெட்ஷீட் மடிச்சிருக்காரு, அந்தம்மாவோட. நான் இங்க, அவரு அங்க. நான் பிடிக்க வேண்டிய பக்கத்தை இன்னொருத்தி பிடிச்சா எரியுமா எரியாதா? நீங்களே பக்கத்துல உக்காந்திருக்கிற மேடத்தைக் கேளுங்க. அவங்களுக்குக் கல்யாணம் ஆயிருக்கான்னு கேளுங்க.”

அவன் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே மொழிபெயர்த்தான். முதலில் வயிறு எரிகிறது என்றான். பிறகு பெட்ஷீட் என்றான். இரண்டு கைகளையும் நீட்டி இழுத்தும் காட்டினான். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். தானும் இரண்டு கைகளை நீட்டி, முனையைக் கொடுப்பதுபோல் ஒரு சைகை செய்து, இப்படியா என்பதுபோல் பார்த்தாள்.

“அதேதாங்க” என்றாள் சின்னவள்.

அதிகாரி ஏதோ கேட்டாள். இளைஞன் அதைத் தமிழில் சொல்லவில்லை. நான் புரிந்துகொண்டேன். இவளுக்குப் பொறாமையா என்று கேட்டாள். ஆமாம் என்றான் அவன். அவள் அதைத் தட்டெழுதினாள். வேறு கேள்வி கேட்கவில்லை.

மழை ஓய்ந்து வெயில் வந்தபோது அனுமதியும் வந்தது. சின்னவள் போகும் நாளிலும் காலையில் பெட்ஷீட்டுகள் இருந்தன. புதுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவற்றை மடித்து முடித்தாள். கார் வந்தது. அக்கா வாசலுக்குப் போகவில்லை. பாய்லரில் தண்ணீர் கொதிக்கிறது என்று உள்ளே நின்றாள். பெட்டியை நான்தான் ஏற்றினேன்.

மறுநாள் டீயோடு படியில் நின்றேன். அக்கா ஒரு பெட்ஷீட்டைக் கொடியில் பாதி போட்டு, பாதி கையில் பிடித்து மடிக்கப் பார்த்தாள். வழுக்கிக் கீழே விழுந்தது. துவைத்த துணி. எடுத்துத் தொட்டியில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். அதன் முனையை மோவாய்க்குக் கொண்டுபோனவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

டம்ளரை வைத்துவிட்டு இறங்கினேன்.

“உதறும்போது விட்டுராத. நல்லா இழு. ம்ம், இப்ப வா. கிட்ட வா தம்பி, கடிச்சிர மாட்டேன்.”

சின்னவள் போய்ச் சேர்ந்த பிறகு கூப்பிட்டபோது நாங்கள் பின்கட்டில் இருந்தோம். அக்கா ஃபோனைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். கைகள் ஓயவில்லை. குளிர் எப்படி, சாப்பாடு எப்படி, அவன் எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாகக் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

“அங்க பெட்ஷீட்டு யாரு மடிக்கிறது?”

“நானும் அவங்களும்தான் அண்ணி.”

“எந்த அவங்க?”

“பஸ் ஓட்டுற அவங்க. அவரைக் கிட்டயே விடுறதில்ல.”

அக்கா சிரித்தாள். “பல்லு எடுப்பா?”

“எங்க! நல்லாத்தான் இருக்காங்க. ஆனா மூலையைப் பிடிக்கத் தெரியல. உதறினா விட்டுர்றாங்க.” கொஞ்சம் பொறுத்து, “அங்க எப்படி அண்ணி சமாளிக்கிறீங்க? என் மூலையை யாரு பிடிக்கிறா?” என்றாள்.

நான் முனையைக் கொடுக்க நடந்துகொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு ஃபோனைப் பார்த்தாள்.

“மாடித்தம்பி.”

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அக்கா ஃபோன் பக்கம் குனிந்தாள்.

“ஏன், நான் வர்ற வரைக்கும் மோவாயில வச்சு மடிக்க மாட்டீங்களா?” என்றாள் சின்னவள்.